வன்னியிலிருந்து உல்லாசக் கப்பலுக்கு: பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பரிசோதனை எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது எப்படி

கனடாவில் இருக்கும் அக்கா 2022 ஏப்ரலில் ஒருநாள் இரவு அழைத்தார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு வா. நானும் அங்க வாறன். மூண்டு பேரும் நாலு நாள் கப்பலில போய் வருவம்" என்றார். அம்மா கடைசியாகக் கடற்கரையில் நின்றது 2009 இல், முள்ளிவாய்க்காலில். அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

கப்பல் செலவு அக்காவுடையது, பத்திர வேலை என்னுடையது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு அந்த வேலையை முடிக்க ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் கப்பல் நிறுவனம் தன் விதிகளை மூன்று தடவை மாற்றியது. போன வருடம் மாமியைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவை போனபோது விதிகள் பெரும்பாலும் தளர்ந்திருந்தன. ஆனால் பத்திரங்களில் வரும் சிக்கல்கள் அதேதான். எங்கள் பக்கத்தில் இப்போது பல வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோரை இப்படி அழைக்கிறார்கள். நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

1. மூன்று தரப்பின் விதிகளைத் தனித்தனியாக எழுதி வையுங்கள்

ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதலாவது நாடு, இரண்டாவது கப்பல் நிறுவனம், மூன்றாவது விமான நிறுவனம். மூன்றும் ஒன்றையே கேட்கும் என்று நினைப்பதுதான் எல்லாரும் விழும் குழி.

உதாரணம் சொல்கிறேன். கொரோனாத் தடுப்பூசி முழுமையாகப் போட்ட பயணிகள் புறப்படும் முன் பரிசோதனை செய்யத் தேவையில்லை என்று சிங்கப்பூர் 2022 ஏப்ரல் 26 முதல் விதியைத் தளர்த்தியது. "இனி ஒண்டும் தேவையில்லை" என்று அக்கா சந்தோஷப்பட்டார். ஆனால் எங்கள் கப்பல் பரிசோதனை கேட்பதை விடவில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களுக்கான கொரோனாத் திட்டத்தை 2022 ஜூலை 18 இல் முடித்தது. அதன் பிறகு என்ன கேட்பது என்பதைக் கப்பல் நிறுவனங்களே தீர்மானித்தன. நாடு விட்டாலும் கப்பல் விடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் எங்கேயாவது நோய் பரவினால் ஒரே நாளில் விதியை மாற்றும் உரிமை அவர்களிடம் இருக்கிறது. டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும், வாசித்துப் பாருங்கள்.

விதிகளை நான்கு தடவை பாருங்கள்: பணம் கட்டும் முன், ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு கிழமை இருக்கும்போது, மூன்று நாள் இருக்கும்போது. பார்த்த பக்கத்தைத் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். சந்தேகத்தைத் தொலைபேசியில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்ன பதிலைக் கப்பல் வாசலில் காட்ட முடியாது.

2. பாஸ்போர்ட்: மற்ற எல்லாம் இதன் பின்னால்தான்

பயணம் முடிந்து திரும்பும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஐந்து மாதம் இருபது நாள் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

புதிதாக எடுப்பவர்கள் கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பப் படிவம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட் இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி, அப்புறம் ஸ்டூடியோவின் பற்றுச்சீட்டு. படம் எடுக்க எந்த ஸ்டூடியோவுக்கும் போக முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரடியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. வன்னியில் இருப்பவர்கள் கொழும்புப் பக்கம் பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு ஓடத் தேவையில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் ஒன்று திறந்திருக்கிறார்கள். கிளிநொச்சி, பரந்தன் பக்கத்து ஆட்களுக்கு யாழ்ப்பாணம் கிட்ட, மாங்குளத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு வவுனியா கிட்ட.

எங்கள் பக்கத்தில் பெரிய சிக்கல் பிறப்புப் பத்திரம். அம்மாவின் பத்திரங்கள் பொலித்தீன் பைக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்து, மடிப்பில் எழுத்து அழிந்து கிடந்தன. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் முதல் வேலையாகப் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் புதிய பிரதி எடுங்கள். பதிவே இல்லை என்று வந்தால் காலங்கடந்த பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கிழமைக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் கப்பலுக்குப் பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி வரும் என்பதைப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு முடிவாக எழுதுங்கள். பிறகு டிக்கெட், தடுப்பூசிச் சான்றிதழ், காப்புறுதி எல்லாவற்றிலும் அதே எழுத்து. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த படியில் விளங்கும்.

3. தடுப்பூசி அட்டை: எழுத்து எழுத்தாகப் பாருங்கள்

அம்மாவுக்கு 2021 இல் சினோபார்ம் இரண்டு ஊசி போட்டார்கள். கிராமத்துப் பாடசாலையில் வரிசையில் நின்று போட்டது. அட்டையைக் கையால் நிரப்பித் தந்தார்கள். ஊசி போட்ட அன்று யாராவது அட்டையில் எழுத்துப் பார்ப்பார்களா? நாங்களும் பார்க்கவில்லை.

கப்பல் நிறுவனத்துக்குப் படமெடுத்து அனுப்பினோம். இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர் தாத்தாவின் முழுப் பெயரோடு இருக்கிறது. அட்டையில் ஒரு முன்னெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் 'பரமேஸ்வரி' என்பது 'வை' எழுத்தில் முடிகிறது. அட்டையில் 'ஐ' எழுத்து, நடுவில் ஒரு 'எச்' வேறு கூடுதலாக. இரண்டாம் ஊசியின் திகதியில் '1' வளைந்து '7' மாதிரிக் கிடந்தது. எங்களுக்கு அது பரமேஸ்வரிதான். கணினிக்கு அது வேறொரு பெண்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனோம். அங்கே வேலை செய்யும் பெண் பதிவேட்டைப் புரட்டி எடுத்துக் காட்டினார். "அம்மா, நீங்கள் அண்டைக்குச் சொன்ன பேரைத்தான் எழுதினனாங்கள்" என்றார். உண்மைதான். அம்மா அன்று அடையாள அட்டை கொண்டுபோகாமல் வாயால் பெயர் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட்டைக் காட்டியதும் தரவைத் திருத்த எழுதிக்கொண்டார்கள். திருத்தம் கணினிக்கு ஏறிய பிறகு சுகாதார அமைச்சின் கியூ.ஆர். குறியீடு உள்ள டிஜிற்றல் சான்றிதழைப் பாஸ்போர்ட் இலக்கத்தோடு எடுத்தோம். கப்பல்காரர்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவற்றைப் பாருங்கள்:

- பெயரின் ஒவ்வொரு ஆங்கில எழுத்தும்
- பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும்
- ஒவ்வொரு ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட திகதி
- திகதியில் எது மாதம், எது நாள் என்ற குழப்பம். நாங்கள் வருடத்தை முதலில் எழுதுகிறோம், வெளியில் பலர் கடைசியில் எழுதுகிறார்கள்

பிழை இருந்தால் நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். வெட்டித் திருத்திய அட்டையை எங்கேயும் ஏற்கமாட்டார்கள்.

சினோபார்ம் செல்லுமா என்று பலர் பயந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதம் அதை அவசரகாலப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலை ஏற்ற நாடுகளில் சிக்கல் இருக்கவில்லை. ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு 14 நாள் கழிந்திருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. ஏதாவது ஊசி போட வேண்டி வந்தால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டு முடியுங்கள். கொரோனா ஊசியைக் கேட்காத கப்பலுக்குப் போனாலும் வயதானவர்களுக்குச் சளிக்காய்ச்சல் (ஃபுளூ) ஊசி போடுவது நல்லது. மூடிய மண்டபங்களில் ஆயிரக்கணக்கான ஆட்களோடு நாலு நாள் இருக்கப்போகிறார்கள். அந்த ஊசி வேலை செய்ய இரண்டு கிழமை பிடிக்கும்.

4. மஞ்சள் காய்ச்சல் ஊசி: சிலருக்கு மட்டும்

சிங்கப்பூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. கப்பல் ஆபிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ அந்த நோய் உள்ள நாடுகளைத் தொட்டால் தேவைப்படலாம், திரும்பி வரும்போது இலங்கையிலும் சான்றிதழ் கேட்பார்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் பக்கவிளைவு கூடுதலாக வரலாம். வைத்தியரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

5. பரிசோதனை: நாளை விட்டு மணியை எண்ணுங்கள்

நான் காசும் நிம்மதியும் இழந்த இடம் இது.

டிக்கெட் போட்டுத் தந்தவர் "72 மணித்தியாலத்துக்குள் பரிசோதனை" என்றார். அந்தக் கணக்கில் ஊரிலேயே செய்துவிட்டுப் புறப்பட்டோம். சிங்கப்பூரில் இறங்கிய பிறகு அக்கா மின்னஞ்சலைத் திறந்து பார்த்தால், கப்பல் கேட்டது 48 மணித்தியாலம். அம்மாவை ஹோட்டலில் இருந்து மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, டொலரில் பணம் கட்டினோம். அப்போது ஒரு அமெரிக்க டொலர் 360 ரூபா. இலங்கையில் தனியார் வைத்தியசாலைகளுக்கு 2021 ஆகஸ்டில் அரசு விதித்த உச்ச விலை பீ.சி.ஆருக்கு 6,500 ரூபா, அன்டிஜனுக்கு 2,000 ரூபா. வெளியில் அந்த விலைக்குக் கிடைக்காது.

எங்கேயாவது மறுபடி பரிசோதனை கேட்கத் தொடங்கினால் இப்படிக் கணக்குப் போடுங்கள்.

முதலில் எந்தப் பரிசோதனை என்று பாருங்கள். பீ.சி.ஆரா, அன்டிஜனா? அன்டிஜன் என்றால் வீட்டில் நாங்களே செய்வது செல்லுமா, அல்லது மருத்துவப் பணியாளர் முன்னால் செய்ய வேண்டுமா? பிறகு, மணித்தியாலம் எங்கிருந்து தொடங்குகிறது? பொதுவாக மூக்கில் மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. முடிவு வந்த நேரம் கணக்கில் இல்லை. எங்கே முடிகிறது? விமானம் புறப்படும் நேரமா, கப்பல் புறப்படும் நேரமா, நீங்கள் துறைமுக வாசலில் நிற்கும் நேரமா? சிங்கப்பூர் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது என்பதையும் கூட்டுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் எட்டு மணித்தியாலமளவில். பிறகு கட்டுநாயக்கவில் மூன்று மணித்தியாலம் முன்பே நிற்க வேண்டும். விமானம் நான்கு மணித்தியாலமளவில். எல்லாம் கூட்டினால் ஊரில் செய்யும் பரிசோதனை 48 மணித்தியாலக் கப்பலுக்குச் சரிவராது. கொழும்பிலோ கப்பல் புறப்படும் ஊரிலோ செய்யுங்கள். கப்பலுக்கு ஒருநாள் முன்பாவது அந்த ஊரில் இறங்கியிருக்க வேண்டும். ஹோட்டல் செலவைப் பார்த்து அதே நாளில் போய் இறங்காதீர்கள். விமானம் தாமதித்தால் கப்பல் நிற்காது, பணமும் திரும்பி வராது.

முடிவுத் தாள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதில் பாஸ்போர்ட் இலக்கமும், பிறந்த திகதியும், மாதிரி எடுத்த நேரமும், பரிசோதனை வகையும் இருக்க வேண்டும். வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் நின்று வாசியுங்கள்.

அண்மையில் கொரோனா வந்து சுகமானவர்கள் கவனியுங்கள். உடம்பு நன்றாக இருந்தாலும் பீ.சி.ஆரில் பல கிழமைகளுக்கு 'பொசிற்றிவ்' காட்டலாம். அப்படிப்பட்டவர்கள் முதலில் தொற்று வந்த திகதியோடு வைத்தியரின் குணமடைந்த கடிதம் எடுத்து, கப்பல் நிறுவனம் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

6. விசாவும் வருகை அட்டையும்

சிங்கப்பூருக்கு இலங்கைப் பாஸ்போர்ட்டில் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. அதை வைத்து எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். நாங்கள் பதிவு செய்தபோது கப்பல் எங்கேயும் நிற்காமல் கடலில் சுற்றி வருவதாக இருந்தது. 2022 ஜூலையிலிருந்து சிங்கப்பூர்க் கப்பல்கள் மறுபடி வெளித் துறைமுகங்களில் நிற்கத் தொடங்கின. எங்கள் பயணத்திலும் ஒரு மலேசியத் துறைமுகத்தைச் சேர்த்துவிட்டார்கள். மலேசியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும். கனடாப் பாஸ்போர்ட் உள்ள அக்காவுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குத் தேவையில்லாதது பெற்றோருக்குத் தேவைப்படும் என்பதை வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தால் விசா வேண்டாமா என்பதையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சில கப்பல்கள் விசா இல்லாதவர்களை ஏறவே விடாது. பாதை மாறினால் விசாவை மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சுகாதார உறுதிமொழியும் அதற்குள்ளேயே வரும். இது முற்றிலும் இலவசம். கூகிளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றமுள்ள தளங்கள் மேலே வரும், நிரப்பிய பிறகு காசு கேட்கும். காசு கேட்டால் மூடிவிடுங்கள். மலேசியாவுக்கும் இதே மாதிரி டிஜிற்றல் வருகை அட்டை இருக்கிறது.

7. காப்புறுதியும் மருந்தும்

கப்பலில் வைத்தியர் இருப்பார். கட்டணம் டொலரில், எங்கள் அரசாங்க வைத்தியசாலை நினைப்போடு போக வேண்டாம். காப்புறுதி எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: கப்பல் பயணத்துக்குச் செல்லுமா, கடலிலிருந்து கரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா, பரிசோதனையில் தொற்றுத் தெரிந்து ஏற விடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? பிரஷர், சீனி வருத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிறகு ஒரு சதமும் தரமாட்டார்கள்.

சில கப்பல்கள் 70 வயது தாண்டியவர்களிடம் பயணத்துக்கு உகந்தவர் என்ற வைத்தியக் கடிதம் கேட்டன. கேட்காவிட்டாலும் ஒன்று எடுத்து வையுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து, மருந்துகளின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த கடிதமும் வாங்குங்கள். கிளினிக்கில் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தரும் மாத்திரையை அப்படியே கொண்டுபோகாதீர்கள். பெயர் அச்சிட்ட பட்டையோடு வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி ஏறும்போதே தனியாகப் போய்விடும், அறைக்கு வரச் சில மணித்தியாலம் ஆகும்.

8. டிக்கெட்டில் தெரியாத செலவு

ஊழியர் சேவைக் கட்டணம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது டொலரளவில் தானாகவே கணக்கில் ஏறும். வைஃபை தனிக் காசு. தொலைபேசியை விமானப் பயண நிலையில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் வலையமைப்பில் தானாக இணைந்து பெரிய பில் வரும். கப்பலுக்குள் தாள் காசு செல்லாது, அறை அட்டையில்தான் எல்லாம். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். அம்மா வெள்ளிக்கிழமை விரதம். முன்பே எழுதியிருந்ததால் அன்று தயிரும் சோறும் பருப்பும் தனியாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

9. புறப்படும் நாள்

எல்லாப் பத்திரமும் ஒரு கோப்பில், மேலிருந்து இந்த ஒழுங்கில்: பாஸ்போர்ட், கப்பல் ஏறும் அட்டை, விமான டிக்கெட், தடுப்பூசிச் சான்றிதழ், பரிசோதனை கேட்டிருந்தால் அதன் முடிவு, விசா, காப்புறுதி, வைத்தியக் கடிதம். தொலைபேசியில் இருந்தாலும் தாளிலும் வையுங்கள். துறைமுகத்தில் வெயிலில் நிற்கும்போது சார்ஜ் போய்விடும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் பஸ் நிற்கும்போது கோப்பைத் திறந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அங்கிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பலாம். மதவாச்சி தாண்டினால் திரும்ப முடியாது.

துறைமுகத்தில் உங்களுக்குத் தந்த நேரத்துக்குப் போங்கள். முன்பே போனால் வெளியில் நிற்க வேண்டும். பிந்தினால் கதவு மூடிவிடும். சுகாதாரக் கேள்வித்தாளில் காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் பற்றிக் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்தால் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், போட்டோக்கொப்பி கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பும்போது வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும். முதல் தடவை நிரப்பியது செல்லாது. கடைசி இரவு எல்லாரும் ஒரே நேரத்தில் அதற்காக வைஃபைக்கு அடிபடுவார்கள். கப்பல் ஏற முன்பு கரையில் இருக்கும்போதே, திரும்பும் நாள் மூன்று நாள் எல்லைக்குள் வந்தால் நிரப்பிவிடுங்கள். வராவிட்டால் இடையில் நிற்கும் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தவுடன் நிரப்புங்கள். நாங்கள் அப்படி நடுவிலேயே முடித்துவிட்டதால் கடைசி மாலை முழுவதும் அம்மாவோடு மேல்தளத்தில் இருந்தோம். இருட்டி விளக்குப் போடும் வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.